மூன்றாம் கலத்தின் முதல் இரண்டு ஒலிகள்

2013ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பதினோராந் திகதி, திங்கட்கிழமை காலை, யசோதினி மூன்றாண்டுக் காலம் கண்ணையும் காதையும் கொடுத்து இட்ட ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது குறிகளையும் ஆய்வகம் ஐந்து வரி மின்னஞ்சலால் தள்ளுபடி செய்தது. அவளிடம் விளக்கம் கேட்கப்படவில்லை. பிழை எது என்று காட்டப்படவும் இல்லை. ‘கவனக்குறைவு’ என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. அந்தச் சொல் பொய். அது பொய் என்று நிறுவுவதற்கே இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது.

யசோதினி பாரிசின் லா சப்பல் பகுதியில், ரூ பஜோல் தெருவின் பிள்ளையார் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் குடியிருந்தாள். யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் படித்துப் பட்டம் பெற்றவள். பாரிசுக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் பிறருடைய அலுவலகங்களைத் துடைத்த பிறகே, அந்தப் பட்டத்தை மதித்து நகரின் தெற்கிலுள்ள ஆய்வகம் ஒன்று அவளுக்கு ஒப்பந்த வேலை கொடுத்தது.

வேலை இன்னதென்று சொல்லாவிட்டால் அநியாயத்தின் அளவு விளங்காது. பூமியின் காந்தப்புலம் பூமியைச் சுற்றி ஒரு பெருங்கூடு கட்டி வைத்திருக்கிறது. அந்தக் கூட்டின் உட்பகுதியில் மின்காந்த அலைகள் பிறக்கின்றன. அவற்றின் அதிர்வெண் மனிதக் காதுக்கு எட்டும் அளவில் இருப்பதால், பதிவை ஒலிபெருக்கியில் விட்டால் நேராகவே கேட்கலாம். கீழிருந்து மேலே ஏறும் சிறு சிறு கூவல்கள், தொகுதி தொகுதியாக வரும். விடியற்காலைப் பறவைகளைப் போல் இருக்கிறது என்பார்கள் ஆய்வாளர்கள். அவை எங்கே பிறக்கின்றன என்பதுதான் கேள்வி. ஒரே ஒரு விண்கலம் போய்க் கேட்டுவந்தால், அது உணர்ந்த மாற்றம் இடத்தால் வந்ததா காலத்தால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. ஆகவே நான்கு கலங்களை ஒரு முக்கோணக் கூம்பின் நான்கு மூலைகளில் நிறுத்தியதுபோல் சேர்த்துப் பறக்கவிட்டிருந்தார்கள். ஒரே கூவல் நான்கு கலங்களையும் சற்றே வெவ்வேறு நேரத்தில் அடையும். அந்த நேர வேறுபாட்டிலிருந்து அது வந்த திசையைக் கணித்துவிடலாம்.

கணிப்பது கணினியின் வேலை. ஆனால் இந்தக் கலத்தின் எந்தக் கூவலை அந்தக் கலத்தின் எந்தக் கூவலோடு ஒப்பிடுவது என்று கணினிக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டும். பதிவைக் கேட்டு, திரையில் ஓடும் அதன் படத்தைப் பார்த்து, ஒவ்வொரு தொகுதியும் தொடங்கும் இடத்தில் நான்கு கலங்களுக்கும் தனித்தனியே ஒரு கோடு இட வேண்டும். அந்தக் கோடுதான் குறி. அதை இட்டவள் யசோதினி.

அவளுடைய ஒப்பந்தம் மார்ச்சு முப்பத்தோராந் திகதியுடன் முடியவிருந்தது. குறிகள் நின்றால் நிரந்தரப் பதவி என்று வாக்களித்திருந்தார்கள். குறிகள் போனால் வேலையும் போகும். கவனக்குறைவானவள் என்ற பெயர் அவளுடைய கோப்பில் நிற்கும்.

மின்னஞ்சலை அவள் படித்தபோது கணவன் சிவமணி ஒபர்வில்லியேயில் உள்ள துணிக் களஞ்சியத்துக்கு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான்.

“என்னப்பா, முகம் செத்துப்போச்சு? ஆர் செத்தது?”

“என்ர மூண்டு வருசம்.”

அவன் சப்பாத்துக் கயிற்றை விட்டுவிட்டு வந்து, திரையை எட்டிப் பார்த்தான். அவனுக்குப் பிரெஞ்சு அவ்வளவாக ஓடாது. ஆனாலும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டான்.

“உனக்கோ கவனக்குறைவு? நான் ஒரு கரண்டியை மாறி வைச்சாலே கண்டுபிடிக்கிற ஆள் நீ. கடிதம் எழுது. விசாரணை வைக்கச் சொல்லிக் கேள். தேர்த் திருவிழாவில தண்ணிப் பந்தலுக்கு இடம் தரேல்லை எண்டு மூண்டு பக்கம் எழுதினனீ, இதுக்கு எழுதமாட்டியோ?”

எழுதினாள். விசாரணை மார்ச்சு இருபத்தெட்டு, வியாழக்கிழமை என்று பதில் வந்தது.

மறுநாள் ஆய்வகத்தில் பிரிவுத் தலைவர் ழான்-லூக் அவளைத் தம் மேசைக்கு அழைத்தார். அவர் கெட்ட மனிதர் அல்லர். கோபம் வந்தால் குரலை உயர்த்தாமல் தாழ்த்துகின்ற வகை. அன்று அவர் குரல் மிகத் தாழ்ந்திருந்தது.

“புதிய நிரல் ஒன்றை ஓடவிட்டு உங்கள் குறிகளோடு ஒப்பிட்டோம். இதைப் பாருங்கள், மதாம். மூன்றாம் கலம். இங்கே ஒரு கூவல். இங்கே இன்னொன்று. தெரிகிறதா?”

“தெரிகிறது.”

“உங்கள் கோடு எங்கே இருக்கிறது?”

“மூன்றாவது கூவலில்.”

“ஒருமுறை என்றால் மதியச் சாப்பாட்டின் மயக்கம் என்று விட்டுவிடுவேன். இருநூற்றுப் பன்னிரண்டு முறை. எப்போதும் மூன்றாம் கலத்தில். எப்போதும் முதல் இரண்டை விட்டிருக்கிறீர்கள். இதில் இப்படியென்றால் மற்றவற்றை எப்படி நம்புவது?”

யசோதினி திரையருகே குனிந்தாள். இரண்டு கூவல்களும் வெள்ளைச் சுவரில் கரிக்கோடு இழுத்ததுபோல் தெளிவாக நின்றன. அடுத்த படத்திலும் நின்றன. அதற்கடுத்ததிலும் நின்றன. இந்தப் படங்கள் ஒவ்வொன்றையும் மணிக்கணக்கில் பார்த்தவள் அவள்தான். அந்த இரண்டையும் கண்டதாக ஒரு சிறு நினைவுகூட இல்லை.

“மற்ற மூன்று கலங்களிலும் இந்த இரண்டும் இல்லையே,” என்றாள். “அலை என்றால் நான்கையும் கடக்க வேண்டும். மூன்றாவது கூவலிலிருந்துதான் நான்கிலும் ஒன்றுபோல் இருக்கிறது.”

“அது எனக்கும் தெரிகிறது. கருவியின் இரைச்சலாக இருக்கலாம். இரைச்சல் என்று கண்டு நீங்கள் விலக்கியிருந்தால், எப்படிக் கண்டீர்கள் என்று சொல்லுங்கள். எல்லாக் குறிகளும் நிற்கும். காணவே இல்லை என்றால் அதற்கு அந்த ஒரு சொல்தான் உண்டு.”

அவளோடு ஒரே அறையில் வேலை செய்த மரி-லூயிஸ், கேட்காமலே உதவினாள். அந்த இருநூற்றுப் பன்னிரண்டு வேளைகளிலும் கலங்கள் நான்கும் எங்கெங்கே இருந்தன என்று கணக்கிட்டுத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தாள். கூம்பு எப்போதும் ஒரே வடிவில் இருப்பதில்லை. சுற்றுப்பாதையில் சில இடங்களில் நீண்டு, ஒரு கலம் பின்தங்கிவிடும். இருநூற்றுப் பன்னிரண்டிலும் மூன்றாம் கலமே கடைசி. மற்ற மூன்றும் முன்னே போய்விட, அது தனித்து வந்துகொண்டிருந்த வேளைகளில் மட்டுமே அந்த இரண்டு ஒலிகளும் எழுந்திருந்தன.

“மெத்ரோவிலும் அப்படித்தானே,” என்று மரி-லூயிஸ் சிரித்தாள். “கூட்டத்தில் கடைசியாக நடப்பவள் பையைத்தான் பறிப்பார்கள்.”

யசோதினி தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பதினாறாந் திகதி, சனிக்கிழமை முற்பகல், வீட்டில் கணினியைத் திறந்து மூன்றாம் கலத்தின் பதிவொன்றை ஒலிபெருக்கியில் விட்டாள். சிவமணி சமையலறையில் முதுகைக் காட்டி நின்று கணவாய் கழுவிக்கொண்டிருந்தான். இந்த முறை தவறவிடக் கூடாது என்று, படத்தில் முதல் கூவலின் மேலேயே விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இரைச்சல் ஓடியது. விரலுக்குக் கீழே கூவல் வந்தது, போனது. காது அதைத் தொடவில்லை. கதவுக்கு வெளியே யாரோ இருமினால் எப்படி அதைக் கேட்டும் கேளாமல் இருந்துவிடுகிறோமோ, அப்படி மனம் அதன்மேல் வழுக்கிப் போயிற்று. இரண்டாவதும் அப்படியே போனது. மூன்றாவது எழுந்தது.

“ஓம், ஆரப்பா அது? கதவைத் திறவன்,” என்றான் சிவமணி.

அவள் பதிவை நிறுத்தினாள். “ஆர் கூப்பிட்டது?”

“எனக்கென்ன தெரியும்? கை முழுக்கக் கணவாய். ஆரோ வெளியில நிண்டு கூப்பிடுது.”

“எத்தினை தரம்?”

“இதென்ன கேள்வி? மூண்டு தரம் கூப்பிட்டாப் பிறகுதானே சத்தம் குடுத்தனான்.”

சொல்லிவிட்டு அவன் கணவாயைக் கழுவப் போய்விட்டான்.

அவர்கள் பிறந்து வளர்ந்த இடத்தில் இதை எவரும் பாடமாகக் கற்பிப்பதில்லை. உச்சிப் பொழுதிலோ மைம்மல் இருளிலோ வாசற்படலையடியில் நின்று ஒருவர் கூப்பிட்டால், முதல் அழைப்புக்கும் இரண்டாம் அழைப்புக்கும் வாய் திறக்கலாகாது. மூன்றாம் முறையும் கூப்பிட்டால்தான் ‘ஓம்’ என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் மூன்றாம் முறை கூப்பிடுகின்ற வலு மனிதருக்கு மட்டுமே உண்டு. மற்றவை இரண்டோடு நின்றுவிடும். நடை பழகும் பிள்ளைக்குக்கூட இது தெரியும். தெரியும் என்பதுதான் தெரியாது. விமானம் ஏறிப் பிரான்சுக்கு வந்து பெயரையும் பிறந்த திகதியையும் மாற்றிக்கொண்டவர்களிடத்திலும் அது மாறாமல் வந்திருந்தது.

மற்ற மூன்று கலங்களின் பதிவுகளையும் விட்டுப் பார்த்தாள். “உதென்ன குருவிச் சத்தம்?” என்று மட்டும் கேட்டான் சிவமணி.

இதுவே அவளுடைய சான்று. மூன்றாம் கலத்தின் முதல் இரண்டையும் அவள் தவறவிடவில்லை, விலக்கினாள். விலக்கியது சரி, அவை மற்ற மூன்று கலங்களிலும் இல்லாதவை. கவனக்குறைவு என்ற சொல்லை எழுதியவர்கள் திரும்பப் பெற்றே ஆக வேண்டும்.

ஆனால் ஒருவர் சொன்னதை வைத்து ஆய்வகத்தில் எதையும் நிறுவ முடியாது. அடுத்த ஒரு வாரத்தில் அவள் ஊரிலிருந்து வந்த பதினொரு பேருக்குப் பாட்டுக் கேட்கும் காதுக்கருவியை மாட்டிவிட்டாள். நான்கு கலங்களின் பதிவுகளையும் கலைத்துப் போட்டு, எது எதுவென்று சொல்லாமல், “சத்தம் தொடங்கேக்கை இந்த விசையை அமத்துங்கோ” என்று மட்டும் சொன்னாள்.

ரூ பஜோல் முனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த தில்லையம்பலம், வாடிக்கையாளர் இல்லாத நேரம் பார்த்துக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டார்.

“பிள்ளை, என்ர காதைச் சோதிச்சு எனக்குப் பென்சன் எடுத்துத்தரப் போறியோ?”

“கதையாதேங்கோ அண்ணை. கேளுங்கோ.”

மற்ற மூன்று கலங்களுக்கும் அவர் உடனுக்குடன் அமத்தினார். மூன்றாம் கலம் ஓடியபோது விரலை விசைமேல் வைத்தபடியே, இரண்டு கூவல்கள் போகும்வரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் அண்ணை அமத்தேல்லை?”

“இன்னும் தொடங்கேல்லைத்தானே?”

அடுத்த வீட்டு இம்மாகுலேற், மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கப் பெண், ஞாயிறுப் பூசைக்குச் சேலை உடுத்தியிருந்த கோலத்திலேயே கேட்டாள். அவளும் மூன்றாவதுக்குத்தான் அமத்தினாள். ஆனால் இரண்டாம் கூவலின்போது அவளுடைய இடக்கை தானாகவே எழுந்து கழுத்துச் சிலுவையைப் பிடித்தது. பிறகு கேட்டபோது, “நான் எங்க பிடிச்சனான்? விசர்க்கதை,” என்றாள். சிலுவையின் விளிம்பு அவள் உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தது.

பதினொரு பேரும் அப்படியே. மரி-லூயிசுக்கும் ஆய்வகத்தில் கேட்கக் கொடுத்தாள். அவள் நான்கு கலங்களிலும் பறவைகளையே கேட்டாள். முதல் கூவலுக்கே அமத்தினாள்.

யசோதினி பட்டியல் எழுதி வைத்தாள். அது அவளுக்கே நிறைவு தரவில்லை. வளர்ந்த இடத்தால்தான் இந்த வேறுபாடு என்றால், இங்கே பிறந்த ஒருவரையும் சோதிக்க வேண்டும். இருபத்து நான்காந் திகதி, ஞாயிறு பிற்பகல், அவளுடைய பதினாறு வயது மகள் சாம்பவி அதைத் தானாகவே கேட்டாள்.

“மமோ, எல்லாருக்கும் போட்டுக் காட்டினது, எனக்கு இல்லையா?”

சாம்பவி லா சப்பலிலேயே பிறந்தவள். பெற்றோர் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். வீட்டில் எத்தனை முறை ‘ஓம்’ என்று சொல்லச் சொன்னாலும் ‘உய்’ என்பதுதான் வரும். மொழியைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்று யசோதினி சனிக்கிழமைப் பள்ளிக்கு எட்டு ஆண்டு கூட்டிப்போனாள், எழுத்துப் பழக்கினாள், நெடுங்கணக்கைச் சுவரில் ஒட்டினாள். வேறு எதைக் கொடுக்காமல் விட்டோம் என்று அவள் அன்றுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

அவளே மகளின் தலைமயிரை ஒதுக்கிக் காதுக்கருவியை மாட்டிவிட்டாள்.

முதலாவது, இரண்டாவது, நான்காவது கலங்கள் ஓடின. சாம்பவி கால் ஆட்டிக்கொண்டு உடனுக்குடன் அமத்தினாள். பிறகு மூன்றாம் கலம். ஆடிய கால் நின்றது. முதல் கூவலுக்கே விரல் இறங்கியது. வாய் திறந்தது.

“ஓம், வாறன்.”

உரக்க, தெளிவாக, பிறந்ததிலிருந்து வேறு மொழியே பேசாதவள்போல் சொன்னாள். காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். எழுந்து போய் வாசற்கதவைத் திறந்தாள். மாடிப்படியில் எவரும் இல்லை. படிக்கட்டின் சன்னல் வழியே வந்த வெயில் நான்கு படிகளின்மேல் கிடந்தது.

“ஆரைப் பிள்ளை தேடுறாய்?”

“கூப்பிட்டது.”

“எந்தப் பெயரில?”

சாம்பவி சற்று யோசித்தாள். “பெயர் சொல்லேல்லை. ஆனா என்னைத்தான்.”

அப்போது மணி மூன்று பத்து. யசோதினி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பட்டியலின் கடைசியில் ‘சா., வயது 16, பிறந்த இடம் பாரிசு, முதல் ஒலி’ என்று எழுதினாள். எழுதிய பிறகே அதன் பொருள் அவளுக்கு உறைத்தது. மரி-லூயிசுக்கு அது அழைப்பாகவே படவில்லை. ஆகவே அவள் பதில் சொல்லவும் இல்லை. மற்றப் பதினொரு பேருக்கும் அழைப்பாகப் பட்டது. அவர்களுக்குக் காத்திருக்கத் தெரிந்திருந்தது. அழைப்பு என்று அறிந்தும் காத்திருக்க அறியாத ஒரே பிள்ளை அவள் பெற்ற பிள்ளை.

திங்கட்கிழமை ஆய்வகத்துக்குப் புதிய பதிவுகள் வந்திருந்தன. மூன்றாம் கலம் முன்போலவே பின்தங்கித் தனித்து வந்துகொண்டிருந்தது. ஞாயிறு பிற்பகல் மூன்று மணி எட்டு நிமிடம்வரை, ஒவ்வொரு தொகுதிக்கும் முன்னே அந்த இரண்டு ஒலிகளும் இருந்தன. மூன்று பத்துக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. செவ்வாய்க்கிழமைப் பதிவிலும் இல்லை. நான்கு கலங்களும் ஒன்றுபோலப் பறவைகளாகக் கூவின.

“பார்த்தாயா, கோளாறு தானே சரியாகிவிட்டது!” என்று மரி-லூயிஸ் தோளில் தட்டினாள்.

தேடியவருக்குத் தேடியது கிடைத்துவிட்டால் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார் என்று யசோதினிக்குத் தோன்றியது. அதை அவள் மரி-லூயிசிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை பிற்பகல், பள்ளி விட்டு வந்த சாம்பவியையும் கூட்டிக்கொண்டு ரூ பஜோலில் மரக்கறி வாங்கப் போனாள். பாதித் தெருவில் மகள் பக்கத்தில் இல்லை. திரும்பிப் பார்த்தாள். முப்பதடி பின்னே, பூட்டிக் கிடந்த ஒரு கட்டடத்தின் பெரிய மரக்கதவோடு கன்னம் படுமளவுக்கு நெருங்கி நின்றாள் பிள்ளை. தெருவில் ஆட்கள் இருந்தார்கள். கடைக்குச் சரக்கு இறக்கும் வண்டி நின்றது. ஒருவன் கைப்பேசியில் கத்திக்கொண்டு போனான். அவளைச் சுற்றி மட்டும் ஓர் ஓசையும் அண்டாததுபோல் இருந்தது.

“சாம்பவி!”

அவள் திரும்பவில்லை.

“சாம்பவி! இஞ்சை வா!”

அப்போதும் அவள் கதவைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னாள். “பொறுங்கோ, அம்மா. நான் ரெண்டு தரம் கூப்பிட்டிட்டன். அடுத்தமுறை திறப்பினம்.”

மமோ என்று சொல்லவில்லை, அம்மா என்றாள். யசோதினி ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். பிள்ளையின் கை, வெயிலில் நின்ற பிள்ளையின் கை, குளிர்சாதனப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்ததுபோல் இருந்தது. சிறிது நேரத்தில் சூடு திரும்பியது. “மமோ, ஏன் இழுக்கிறீங்கள்? எல்லாரும் பாக்கினம்,” என்று பிரெஞ்சில் சிணுங்கிக்கொண்டு சாம்பவி நடந்தாள். கதவருகே நின்றதே அவளுக்கு நினைவில்லை.

இருபத்தெட்டாந் திகதி விசாரணையில் மூவர் இருந்தார்கள். ழான்-லூக்கும் வெளியிலிருந்து வந்த இருவரும். யசோதினி படங்களைக் காட்டினாள். கலங்களின் நிலைகளைக் காட்டினாள். பிறகு, எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்த பிரெஞ்சில், மூன்றாம் அழைப்பைப் பற்றிச் சொன்னாள். ஒரு சொல்லையும் மறைக்கவில்லை.

வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். “அப்படியென்றால் உங்கள் ஊரில் தொலைபேசியையும் மூன்றாவது மணிக்குத்தான் எடுப்பீர்களோ?”

“பலர் அப்படித்தான் எடுக்கிறார்கள், மெசியே. நீங்கள் லா சப்பலுக்கு அழைத்துப் பாருங்கள்.”

ழான்-லூக் சிரிக்கவில்லை. பட்டியலின்மேல் பென்சிலை ஓட்டிக்கொண்டு வந்து கடைசி வரியில் நிறுத்தினார்.

“பதினொரு பேர் காத்திருந்தார்கள். அவர்கள் மெதுவாகக் கேட்பவர்கள் என்று எவரும் சொல்லலாம். மரி-லூயிஸ் காத்திருக்கவில்லை, அவளுக்கு அது அழைப்பே அன்று. உங்கள் விளக்கம் நிற்பது இந்த ஒருவரால்தான். அழைப்பாகக் கேட்டவர், காத்திருக்காதவர். யார் இந்த ‘சா.’?”

“என் மகள்.”

“நல்லது. நாளைக்குப் பத்து மணிக்கு அழைத்து வாருங்கள். பழைய பதிவுகளில் பத்தைத் தெரிந்தெடுத்து, எங்கள் முன்னிலையில் கேட்கட்டும். பத்திலும் இப்படியே நடந்தால், இருநூற்றுப் பன்னிரண்டும் நிற்கும். ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பதும் நிற்கும். உங்கள் பதவியும் நிற்கும். நானே கையெழுத்திடுவேன்.” அவர் குரல் வழக்கமான உயரத்துக்கு வந்திருந்தது. அவர் உண்மையாகவே மகிழ்ந்தார். “ஒரு பிள்ளை அரை மணி நேரம் காதுக்கருவி மாட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதானே, மதாம்?”

பத்துப் பதிவுகள் என்றால் இருபது அழைப்புகள். யசோதினி தன் மூன்றாண்டுகளையும் பார்த்தாள்; அவை மேசைமேல் ஒரு தாள் அடுக்காகக் கிடந்தன. பிள்ளையின் குளிர்ந்த மணிக்கட்டு இன்னும் அவள் உள்ளங்கையிலேயே இருந்தது.

“உங்கள் பென்சிலைத் தருவீர்களா?” என்றாள்.

கடைசி வரியை அடித்தாள். எழுத்துத் தெரியாதபடி, தாள் கிழியுமளவுக்கு அழுத்தி அடித்தாள். பிறகு, தன் விளக்கத்தைத் தானே திரும்பப் பெறுவதாக ஒரு வாக்கியம் எழுதிக் கையொப்பமிட்டாள்.

“ஏன்?” என்று கேட்டார் ழான்-லூக். அவர் மீண்டும் ஒருமுறை கேட்டார். யசோதினி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவை அடைந்தபோது அவர் மூன்றாம் முறையும் கேட்டார். அதற்கு அவள் நின்று, திரும்பி, “உங்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்,” என்று மறுமொழி சொன்னாள்.

‘விண்ணப்பதாரர் சான்று காட்ட இயலாமையால் முறையீட்டை மீளப்பெற்றார், பிழைகள் கவனக்குறைவால் நேர்ந்தவையென உறுதியாகிறது’ என்று அறிக்கை எழுதினார்கள். சான்று அவள் கையில் இருந்தது. அதைக் காட்டுவதற்கான விலை அவளுக்குக் கட்டுபடியாகாததாக இருந்தது. இவ்விரண்டையும் ஒன்றென்று எழுதுகின்ற ஓர் அலுவலகம், விண்ணிலிருந்து வருவதைச் சரியாக எழுதும் என்று எப்படி நம்புவது?

யசோதினி இப்போது ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். சாம்பவி படிக்கிறாள், சிரிக்கிறாள், நண்பிகளோடு சண்டை பிடிக்கிறாள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, பெரும்பாலும் பிற்பகலில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கையை நிறுத்தி, முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பி, “ஓம்” என்கிறாள். தாய் எழுந்துபோய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். சூடு திரும்பும்வரை விடுவதில்லை. ஒருநாள் இருபது நிமிடம் ஆயிற்று. சிவமணி தண்ணீர்க் குவளையோடு பக்கத்தில் நின்று, “இஞ்சைதான் இருக்கிறம், மேனை, இஞ்சைதான்,” என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இது ஒரு குடும்பத்தின் துயரம். ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 2015ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஆய்வகம் அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகளையும் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. ‘விண்ணின் பறவைகளைக் கேளுங்கள்; பாட்டுத் தொடங்கியதும் அமத்துங்கள்’ என்று விளையாட்டுப்போல் ஒரு பக்கம். யசோதினியின் குறிகள் அதில் இல்லை. எச்சரிக்கை கேட்டு அவள் எழுதிய நான்கு கடிதங்களுக்கும் பதில் இல்லை. யார் எந்த ஒலிக்கு அமத்தினார் என்ற பட்டியல் பக்கத்தின் அடியில், பெயரும் ஊரும் காட்டி, நாளும் வளர்கிறது. லா சப்பல், எபினே-சூர்-செய்ன், ஒபர்வில்லியே என்ற ஊர்களுக்கு நேரே, முதல் ஒலிக்கு அமத்தியவர்களாக, நம் பிள்ளைகளின் பெயர்கள் நாற்பத்து மூன்று இருக்கின்றன.

வாசிப்பவரே, அந்தப் பட்டியலை இன்றே திறந்து, முதற்பெயரிலிருந்து கடைசிப்பெயர்வரை ஒன்றும் விடாமல் பாருங்கள். உங்கள் பிள்ளையின் பெயர் அதில் இருக்குமானால், அவர் எழுந்து கதவை நோக்கி நடக்கும்போது என்ன வேலையானாலும் போட்டுவிட்டு ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடியுங்கள். சூடு திரும்பும்வரை விடாதீர்கள்.